பதினான்கு வேண்டாம், நான்கு போதும்: மணற்காட்டுப் பக்கம் ஜீப் ஓட்ட வருபவர்களுக்கு

முதன்முறையாக மணலில் ஜீப்பை இறக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் வாகனத்தைப் பற்றித்தான். எந்த டயர் நல்லது, எந்தக் கியரில் ஓடுவது, கயிறு எத்தனை தொன் தாங்க வேண்டும் என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: மொத்தம் எத்தனை வாகனம் வருகிறது? பத்து, பன்னிரண்டு என்று பதில் வந்தால் டயரையும் கயிற்றையும் பற்றிப் பேசுவதை அங்கேயே நிறுத்திவிடுவேன். முதலில் அந்த எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். சில வருடங்களுக்கு முன் ஓர் ஆவணி மாதம், நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்திருந்த உறவினர்களையும் நண்பர்களையும் சேர்த்துப் பதினான்கு வாகனங்களை யாழ்ப்பாணத்தின் வடமராட்சி கிழக்குக்குக் கூட்டிச் சென்றேன். ஒழுங்கு செய்தது நான்தான். காலை ஆறரைக்குப் பருத்தித்துறையில் சந்திப்பது என்று ஏற்பாடு; கடைசி வாகனம் வந்து சேர எட்டு மணி. மணல் பாதையில் முதல் ஏழு வாகனங்கள் சிரமமில்லாமல் ஏறிய ஒரு சிறு மேட்டில் எட்டாவது புதைந்தது. அதை இழுத்தெடுத்தோம், பத்தாவது புதைந்தது. பன்னிரண்டாவதை எடுக்கும்போது கயிறு அறுந்தது. மத்தியானம் வரையில் நாங்கள் ஓடிய தூரம் மூன்று கிலோமீற்றரைத் தாண்டவில்லை. பிள்ளைகள் வாகனங்களுக்குள் வெந்துகொண்டிருந்தார்கள்.

அங்கே வலை காயவைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களிடம் வந்தார். கோபப்படவில்லை. "தம்பி, நீங்கள் பின்னேரம் போய்விடுவீர்கள். நாளை விடிய வலை இழுக்கிறவன் இந்தப் பள்ளங்களில்தான் கால் வைக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார். கரைவலை இழுப்பவர்கள் தோளில் கயிற்றுப் பாரத்தோடு பின்பக்கமாக நடப்பவர்கள். பின்னால் பள்ளம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

மறுநாள் தனியே அங்கே போய்ப் பார்த்தேன். ஒரு வண்டில் போகுமளவுக்கு இருந்த பாதையைக் காலடியால் அளந்தபோது இருபத்திரண்டு அடி வைப்பு வந்தது. இரண்டு பக்கமும் அடம்பன் கொடி பிய்ந்து கிடந்தது. கைக்குக் கிடைத்த ஒரு கொடியைத் தூக்கினேன். கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்தது. ஒவ்வொரு வேர்க்கற்றையும் ஒரு பிடி மணலைப் பற்றியபடியே பிடுங்கி வந்தது. சில்லு ஏறிய இடத்தில் தண்டு நசுங்கிப் பால் வடிந்து காய்ந்திருந்தது. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று ஒற்றுமைக்கு நாம் பழமொழி சொல்கிறோம். அந்தக் கொடி திரண்டு நிற்பதால்தான் மணல்மேடு மேடாக நிற்கிறது. நாங்கள் திரண்டு போய் அதை அறுத்துவிட்டு வந்திருந்தோம்.

அன்றிலிருந்து நான்கு வாகனங்களுக்கு மேல் நான் கூட்டிச் செல்வதில்லை. புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லும் ஒழுங்கை வரிசையாகத் தருகிறேன்.

கூட்டம் மணலை என்ன செய்கிறது

காற்றைக் குறைத்த டயரோடு போகும் முதல் வாகனம் மணலை அழுத்தி ஒரு தடம் போடுகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் அதே தடத்தில் இன்னும் எளிதாகப் போகும். ஆனால் காய்ந்த மணலில் தடத்தின் கரைகள் ஒவ்வொரு வாகனத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து உள்ளே விழுகின்றன. பள்ளம் ஆழமாகிறது, அடி மணல் இளகுகிறது, இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே மேடு உயர்கிறது. ஏழாவது எட்டாவது வாகனம் வரும்போது அந்த நடு மேடு அச்சில் தட்டத் தொடங்கும். சாரதி பயந்து வேகத்தைக் கூட்டுவார். சில்லு முன்னே போகாமல் நின்ற இடத்தில் சுழன்று குழி தோண்டும். அடுத்து வருபவர் குழியைக் கண்டு இடது பக்கம் விலகுவார், அதற்கடுத்தவர் வலது பக்கம். பாதை அகலமாவது இப்படித்தான். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை.

அறுந்த கொடி மறுபடி படர மாரி வர வேண்டும். அதற்குள் சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அந்த வெறும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இராவணன் மீசைப் புல்லும் அடம்பனும் இல்லாத மேட்டுச் சரிவில் காற்று மணலை அள்ளிக்கொண்டே போகும்; சில்லுத் தடம் வாய்க்காலாகும், வாய்க்கால் பள்ளமாகும். மணற்காட்டில் பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் மணலுக்குள் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இங்கே மணல் எப்படி இடம் பெயரும் என்று விளக்கத் தேவையில்லை. இன்னொன்றும் உண்டு. மழை நீரை உள்ளே இறக்கி நன்னீராக வைத்திருப்பது இந்த மணல்தான். சுற்றியிருக்கும் கிராமங்களின் கிணறுகள் அந்த நன்னீரை நம்பியவை. எஞ்சின் எண்ணெய் ஒழுகும் வாகனத்தை மணலுக்குக் கொண்டு வராதீர்கள் என்று நான் பிடிவாதமாக நிற்பதற்கு அதுவே காரணம்.

கடல்நீரேரியை அடுத்த தரவை நிலத்தின் குணம் வேறு. தனங்கிளப்பு, மண்டைதீவுப் பக்கங்களில் மேலே உப்புப் படிந்து காய்ந்த தரை போலத் தெரியும்; கீழே குழைந்த சேறு இருக்கும். முதல் வாகனம் அந்தத் தோலை உடைக்கும், இரண்டாவது தாழும். கோடையில் அந்தத் தடம் செங்கல் போல இறுகி அடுத்த மாரி வரை கிடக்கும். அங்கே நான்கு வாகனம்கூட அதிகம். புதியவர்கள் தரவையில் இறங்கவே வேண்டாம்.

முதல் வேலை: எண்ணிக்கையைத் தீர்மானியுங்கள்

நான்கு வாகனம் நல்ல அளவு. ஒன்று புதைந்தால் ஒன்று இழுக்கும். மற்ற இரண்டும் பெண்கள், பிள்ளைகளுக்கு நிழலாகும். ஐந்து என்பது எல்லை. தனி வாகனமாகவும் புதியவர் ஒருவரும் போகக்கூடாது.

பதினாறு பேர் வருகிறார்கள் என்றால் எட்டு வாகனம் தேவையில்லை. நால்வராக ஏறினால் நான்கு வாகனத்தில் அடங்கிவிடும். "என்னுடைய ஜீப்பையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்" என்பவர்களுக்கு வேறு நாள் ஒதுக்குங்கள். பெரிய குழுவை மூன்றாகப் பிரித்து அரை மணி நேர இடைவெளியில் ஒரே பாதையில் அனுப்பும் வழக்கமும் இருக்கிறது. அதில் காத்திருப்பு குறையுமே தவிர மணலுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. அதே எண்ணிக்கைச் சில்லு அதே நாளில் அதே மேட்டில் ஏறுகிறது. வேறு நாளில், அல்லது வேறு இடத்துக்குப் பிரித்து அனுப்புங்கள்.

வட்சப் குழுவில் பொது அழைப்புப் போடுவதுதான் எண்ணிக்கை கைமீறிப் போவதற்கு முதற்காரணம். நான்கு சாரதிகளுடன் தொலைபேசியில் பேசி முடித்துவிட்டுத் திகதியைத் தீர்மானியுங்கள்.

காலத்தைப் பார்த்து வெளிக்கிடுங்கள்

நமக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை, வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. அந்த மழை ஓய்ந்த பின் தை, மாசி மாதங்களில் மணல் ஈரம் பிடித்து இறுக்கமாக இருக்கும்; தடம் ஆழமாக விழாது. புதியவர் பழகுவதற்கு அதைவிட நல்ல காலம் இல்லை. ஆடி, ஆவணியில் மணல் பொடிப்பொடியாக உலர்ந்து இளகியிருக்கும், சோளகமும் அடிக்கும். வெளிநாட்டு உறவுகள் விடுமுறைக்கு வந்து பெரிய கூட்டமாகப் புறப்படுவதும் அந்த மாதங்களில்தான். மணல் மிகவும் இளகியிருக்கும் காலத்தில் மிகப் பெரிய கூட்டம் போகிறது. ஆவணியில் கட்டாயம் போக வேண்டுமானால் இரண்டு மூன்று வாகனத்தோடு, விடிய ஐந்தரைக்கே, இரவுப் பனியின் ஈரம் மேல் மணலில் இருக்கும்போது போய் எட்டரைக்குள் திரும்பிவிடுங்கள்.

கடல் வற்றும்போது ஈரக் கரையில் ஓடலாம் என்று பிற நாடுகளில் ஓட்டிப் பழகியவர்கள் கணக்குப் போடுவார்கள். இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. வற்றினாலும் அகலமான ஈரத் தரை வெளிப்படாது. கரை ஓரம் வள்ளங்களுக்கும் வலைகளுக்கும் உரிய இடம். கடலாமை முட்டையிடும் இடமும் அதுதான். அங்கே வாகனம் வேண்டாம்.

புரட்டாசியில் வல்லிபுர ஆழ்வாரின் சமுத்திரத் தீர்த்தத்துக்குச் சனம் ஆயிரக்கணக்கில் மணலில் நடந்து கடலுக்குப் போகும். அந்த நாட்களில் அந்தப் பக்கம் வாகனத்தோடு போகாதீர்கள். வெறுங்காலோடு நடக்கும் பெருங்கூட்டத்தை அந்த மணல் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வந்திருக்கிறது. இரண்டு தொன் வாகனத்தின் சுழலும் சில்லைத்தான் அதனால் தாங்க முடியவில்லை.

எங்கே போகக்கூடாது என்பதை மனப்பாடம் செய்யுங்கள்

நாகர்கோவில், முகமாலை, கிளாலிப் பக்கங்கள் 2009 வரை போரின் முன்னரங்குகளாக இருந்தவை. கண்ணிவெடி அகற்றும் பணி இந்தப் பகுதிகளில் பல வருடங்களாக நடந்து வருகிறது. சிவப்புப் பலகையில் மண்டையோடு வரைந்திருந்தால் ஓர் அடிகூட உள்ளே வைக்காதீர்கள். பலகை இல்லை என்பதற்காகவும் புதிதாகத் தடம் போடாதீர்கள். ஊர்ச் சனத்தின் லாண்ட் மாஸ்டரும் (இரு சில்லு உழவு இயந்திரம்) பெரிய உழவு இயந்திரமும் இன்றும் ஓடும் பாதையில் மட்டும் ஓடுங்கள். பெரிய கூட்டத்தை நான் அஞ்சுவதற்கு எல்லாவற்றுக்கும் மேலான காரணம் இதுதான். நான்கு வாகனம் ஒரே தடத்தில் நிற்கும். பதினான்கு வாகனத்தில் யாரோ ஒருவர் பொறுமையிழந்து பற்றைக்குள்ளால் சுற்றிப் போகப் பார்ப்பார். சிறுநீர் கழிக்க ஒருவர் பனங்கூடலுக்குள் நடந்து போவார். எல்லோர் மீதும் ஒருவரால் கண் வைத்திருக்க முடியாது.

சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம்; 2015இல் தேசியப் பூங்காவானது. அதற்குள் நினைத்தபடி வாகனம் ஓட்ட முடியாது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி பெற்று, அவர்கள் காட்டும் பாதையில்தான் போக வேண்டும். பூநாரைகள் வந்து நிற்கும் மாதங்களில் எல்லைக்கு வெளியேயும் தள்ளி நின்று தொலைநோக்கியால் பாருங்கள். வாகன வரிசை ஒன்று நெருங்கினால் முழுக் கூட்டமும் எழும்பிவிடும்; இரை மேய்ந்துகொண்டிருந்த பறவைக்கு ஒவ்வொரு முறை எழும்புவதும் வீண் அலைச்சல். மணல் வெளியில் ஆட்காட்டிக் குருவி உங்கள் தலைக்கு மேல் கத்திக் கத்திச் சுற்றினால் முட்டையோ குஞ்சோ தரையில் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வந்த தடத்திலேயே பின்னோக்கிப் போங்கள்.

போவதற்கு முதல் நாள் ஊரில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். கிராம அலுவலர், கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒருவர், இல்லாவிட்டால் சந்திக் கடைக்காரர். வடமராட்சி கிழக்கில் சட்டவிரோத மணல் அகழ்வால் சனம் நொந்து போயிருக்கிறது. அதிகாலையில் முன்பின் தெரியாத வாகனங்கள் வரிசையாக மணலுக்குள் இறங்கினால் அவர்கள் சந்தேகப்படுவது நியாயம். நான்கு வாகனம், இன்னார் வருகிறோம், பத்து மணிக்குள் போய்விடுவோம் என்று சொன்னால் எந்தப் பாதை இந்தக் கிழமை கெட்டிருக்கிறது என்பதையும் அவர்களே சொல்லித் தருவார்கள்.

தார் வீதி முடியும் இடத்தில்

டயர்க் காற்றைக் குறையுங்கள். வீதியில் 32 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்திருக்கும் ஜீப்புக்கு மணலில் 16 முதல் 18 போதும். 15க்குக் கீழே இறக்கினால் திருப்பும்போது டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடலாம். காற்றைக் குறைக்கும்போது டயர் நீளவாட்டில் பரந்து, பாரம் அகலமான இடத்தில் இறங்குகிறது. தடம் ஆழமாகாமல் இருப்பதற்கு இதைவிடப் பெரிய வழி இல்லை. "என்னுடைய வாகனத்துக்குச் சக்தி போதும், காற்றுக் குறைக்கத் தேவையில்லை" என்று ஒருவர் சொன்னால் அவரைத் திருப்பி அனுப்புங்கள். அவர் ஒருவர் தோண்டும் குழி பின்னால் வரும் மூவரையும் புதைக்கும்.

திரும்பி வந்து மறுபடி காற்றடிக்க, காற்று அமுக்கும் சிறு இயந்திரம் ஒரு டயருக்கு ஏறத்தாழ ஐந்து நிமிடம் எடுக்கும். ஒரு வாகனத்துக்கு இருபது நிமிடம். நான்கு வாகனத்துக்கு இரண்டு இயந்திரம் இருந்தால் நாற்பது நிமிடத்தில் வேலை முடியும். எங்கள் பதினான்கு வாகனத்துக்கும் அன்று இருந்தது ஒரே ஒரு இயந்திரம். எத்தனை மணி நேரம் வீதியோரம் நின்றிருப்போம் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

மண்வெட்டி இரண்டு, சில்லுக்கு அடியில் வைக்கப் பலகை நான்கு, கொக்கியில்லாமல் உறுதியான வளையம் போட்ட இழுவைக் கயிறு ஒன்று, ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர். இவை போதும்.

ஓடும்போது

அனுபவமுள்ளவர் முன்னால், அடுத்த அனுபவசாலி கடைசியில், புதியவர்கள் நடுவில். ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வரும் வாகனத்துக்குப் பொறுப்பு. ஒரு திருப்பம் வந்தால் பின்னவர் கண்ணில் படும்வரை நின்று, பிறகு திரும்புங்கள். இந்த ஒரு விதியைப் பிடித்தால் யாரும் வழி தவற மாட்டார்கள்.

மேடு வந்தால் முன்னவர் முழுவதும் ஏறி விலகும்வரை மற்றவர்கள் கீழே நிற்க வேண்டும். சில்லு சுழலத் தொடங்கியவுடன் வேக மிதியிலிருந்து காலை எடுங்கள். இது கைவர நாளெடுக்கும். மனம் மிதிக்கத்தான் சொல்லும். காலை எடுத்து, ஏறிய தடத்திலேயே பின்னோக்கி இறங்கி, காற்றை இன்னும் ஒரு பி.எஸ்.ஐ. குறைத்து மறுபடி ஏறுங்கள். அப்போதும் ஏறாவிட்டால் அந்த மேடு அன்றைக்கு வேண்டாம். சுற்றுப்பாதை தேடக்கூடாது.

புதைந்துவிட்டால் முதலில் மண்வெட்டி. நான்கு சில்லுக்கும் முன்னாலிருக்கும் மணலையும் வயிற்றுக்குக் கீழே இருப்பதையும் அள்ளிவிட்டுப் பலகை வைத்தால் பெரும்பாலும் கயிறே தேவைப்படாது. கயிறு கட்டினால் வாகனத்தின் அடிச்சட்டத்தில் அதற்கென்று உள்ள வளையத்தில் கட்டுங்கள். பின்னால் இருக்கும் இழுவைக் குமிழில் ஒருபோதும் கட்டாதீர்கள். குமிழ் உடைந்தால் துப்பாக்கிச் சன்னம் போலப் பறக்கும். ஆட்கள் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும். அன்று எங்கள் கயிறு அறுந்தபோது சுற்றி முப்பது பேர் கைத்தொலைபேசியோடு நின்றார்கள். அறுந்த முனை ஒரு பையனின் முழங்காலுக்கு அருகால் போனது. கூட்டம் கூடினால் வேடிக்கை பார்ப்பவர் கூடுவர். விலகி நிற்கச் சொன்னாலும் அரைவாசிப் பேருக்குக் கேட்காது. யாருக்காவது காயம் பட்டால் 1990க்கு அழையுங்கள். நிற்கும் இடத்தை ஊர்ப் பெயரோடும் அருகிலுள்ள கோயிலின் பெயரோடும் சொல்லத் தயாராக இருங்கள்.

நிற்கும் இடம்

இறுகிய தரையில், ஏற்கெனவே வாகனம் நின்று பழகிய இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துங்கள். சவுக்கங் காட்டு நிழல் மனதை இழுக்கும். ஆனால் அதன் கீழே உதிர்ந்து கிடக்கும் காய்ந்த இலைகள் ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். அங்கே அடுப்பு வேண்டாம், சிகரெட் வேண்டாம். சோற்றுப் பொதியைக் கட்டிக்கொண்டு போங்கள், வாழையிலையில் கட்டினால் இன்னும் நல்லது. பிளாஸ்டிக் ஒன்றும் அங்கே மிஞ்சக் கூடாது. மணலில் புதைத்த போத்தலைக் காற்று ஒரு கிழமையில் வெளியே எடுத்துவிடும்.

பிறகு எஞ்சின்களை நிறுத்துங்கள், பாட்டையும் நிறுத்துங்கள். நான்கு வாகனமென்றால் இது ஒரு சொல்லில் நடந்துவிடும். கடலின் இரைச்சல் மேட்டுக்குப் பின்னாலிருந்து வரும். இராவணன் மீசையின் முள் உருண்டை ஒன்று காற்றுக்கு மணலில் உருண்டு வருவதைப் பிள்ளைகள் துரத்துவார்கள். என்னுடைய பதினான்கு வாகனப் பயணத்தில் யாரும் கடலின் சத்தத்தைக் கேட்கவில்லை என்பதை நான் பின்னர்தான் உணர்ந்தேன்.

திரும்பும்போது

தோண்டிய குழிகளை மூடிவிட்டு வாருங்கள். கடைசி வாகனத்தில் வருபவர் இறங்கி மண்வெட்டியால் நிரவ வேண்டும். மற்றவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டும். கரைவலைப் பாடு நடக்கும் இடத்துக்குக் கிட்டவென்றால் கூடுதல் கவனம். தார் வீதிக்கு ஏறியதும் மீண்டும் 32க்குக் காற்றடியுங்கள். குறைந்த காற்றோடு பருத்தித்துறை வீதியில் வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும். வீட்டுக்குப் போய் அன்றைக்கே வாகனத்தின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுங்கள். உப்பு ஓர் இரவு இருந்தாலும் துரு தொடங்கும்.

காற்றடிக்கும் அந்த நாற்பது நிமிடத்தில் படங்களை வட்சப்பில் போடுவீர்கள். பார்த்தவர்கள் அடுத்த முறை தாங்களும் வருவதாக உடனே எழுதுவார்கள். முதல் மூவருக்குத் திகதி கொடுங்கள். நான்காமவருக்கு அதற்கடுத்த மாதத்தில் ஒரு திகதி கொடுங்கள்.